அத்தான் வாயில் அடித்த பூண்டு வாடை

ரெங்கம்,
தைப்பூசத்துக்கு முந்தின புதன்கிழமை.

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய வாசுகி அக்காவுக்கு, உங்கள் கடைசித் தம்பி ஹேமநாதன் வணங்கி எழுதுவது. நீங்கள் சுகமா, ஷாமளா சுகமா, அவள் வயிற்றில் இருக்கும் சின்ன முதலாளி சுகமா என்று கேட்டுவிட்டு, இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. முதல் பாதியை மனசாரக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் பாதியை, கடிதத்தை முழுக்கப் படித்தபிறகு நீங்களே பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று கேட்பீர்கள். வேறு வழி வைத்தீர்களா? உங்களுக்குப் போன் அடித்தால் மணி போகிறது, நீங்கள் எடுப்பதில்லை. ஷாமளாவுக்கு அடித்தால், "அம்மா குளிக்கிறாங்க மாமா" என்கிறாள். காலையில் அடித்தாலும் குளிக்கிறீர்கள், மத்தியானம் அடித்தாலும் குளிக்கிறீர்கள். இப்படியே போனால் ஷாமளா இருக்கும் யோங் பெங் முழுக்கத் தண்ணீர் வெட்டு வந்துவிடும். அதனால்தான் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து எழுதி, நாளைக்கு இந்தப் பக்கம் வேலையாக வரும் உங்கள் மருமகன் செல்வா கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் உங்கள் முன்னால் நின்றுகொண்டு, படித்து முடிக்கும்வரை நகர மாட்டார். அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தான் பூண்டு சாப்பிடவில்லை. அவர் விரதம் கெடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தைப்பூசம். வாசுகி கையால் பால்குடம் வாங்கினால்தான் காவடி தூக்குவேன், இல்லையென்றால் இல்லை என்று உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் வர வேண்டும். இதை உங்கள் தம்பி என்ற உரிமையில் மட்டும் சொல்லவில்லை, ரசாயனத்தை வைத்தும் சொல்கிறேன். சிரிக்காதீர்கள். இந்த ஐந்தாறு நாளில் நான் பட்ட பாட்டைக் கேட்டால் உங்களுக்கும் சிரிப்பு வராது.

உங்களுக்குத் தெரிந்த கதையைத்தான் முதலில் சொல்லப்போகிறேன், ஏனென்றால் ஊர் அதை எப்படிச் சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. ஷாமளாவுக்கு இரண்டு தடவை தங்காமல் போய், இந்தத் தடவைதான் ஐந்து மாதம் தாண்டியது. அந்தச் செய்தி வந்த அன்றைக்கே அத்தான் காவடிக்கு நேர்ந்துகொண்டார். கறி, மீன், முட்டை, வெங்காயம், பூண்டு எல்லாம் நிறுத்தியாயிற்று. கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார். குரைக்கிற நாயைக்கூட "வாங்க, போங்க" என்று பேசினார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் ஒரு சாயங்காலம் கோயில் பஜனையில் அவர் வாயைத் திறந்து "வேல் வேல்" என்றார். விரதக்காரர்களுக்குச் சமைத்துப் போடும் காளியம்மா, தட்டில் விபூதியோடு எதிரே நின்றவர், அப்படியே இரண்டடி பின்னால் போனார்.

"சாமி, இன்னிக்கி எங்க சாப்பிட்டீங்க?"

கேட்டது காளியம்மா. முகர்ந்தது கோயில் முழுக்க. அடுத்து நீங்கள் கிட்டே போய் முகர்ந்து பார்த்தீர்கள். "என் பேரப்புள்ளைக்காக எடுத்த விரதத்துல பூண்டா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் வீட்டுக்குப் போய்ப் பை கட்டி, யோங் பெங்குக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் போன பிறகுதான் ஊர் வேலையை ஆரம்பித்தது. அத்தானை மாமாக் சாப்பாட்டுக் கடையில் பூண்டு நான் ரொட்டியோடு பார்த்ததாக முதலில் ஒருவர் சொன்னார். மறுநாள் அந்த ரொட்டி, க்ளுவாங்கில் ஒரு சீனன் கடையில் கொதிக்கிற சட்டியில் கறி முக்கித் தின்னும் ஸ்டீம்போட்டாக வளர்ந்தது. வெள்ளிக்கிழமை நான் வந்து இறங்கியபோது அவர் பத்து பகாட் ஊர் வரைக்கும் போய் ஒரு முழு நண்டை உடைத்துத் தின்றிருந்தார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் காட்டுப்பன்றி வரைக்கும் போயிருக்கும்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் தெப்ராவில் ரசாயனக் கிடங்கில் ஸ்டோர் சூப்பர்வைசர் என்று நீங்கள் கல்யாண வீடுகளில் பெருமையாகச் சொல்கிறீர்கள். டிரம்மை எண்ணுவதுதான் என் வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் துப்பறிவதில் ஆசை உண்டு. அத்தானோடு இரண்டு நாள் ஒட்டிக்கொண்டே இருந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை காலையில் அவர் தட்டில் விழுந்த ஒவ்வொரு பருக்கையையும் நான் பார்த்தேன். காளியம்மா கொடுத்த சாம்பார், வாழைப்பழம், பால், அவ்வளவுதான். அவர் குளிக்கப் போனால் நான் வாசலில் நின்றேன். செம்பனைத் தோட்டத் துண்டில் களை சாகப் புல் மருந்து அடிக்கப் போனார், நானும் பின்னாலேயே போய்க் கொசுக்கடி வாங்கினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, "மச்சான், டீ போடவா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். அக்கா, நான் பொய் சொல்லவில்லை, இரண்டு கிலோ பூண்டை இடித்து மூஞ்சியில் அப்பியது மாதிரி இருந்தது. கொஞ்சம் சிப்பி வாடையும் கலந்திருந்தது. எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு பயம் வந்தது. பூண்டே தின்னாத மனிதன் வாயில் பூண்டு வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே போய்ப் படுத்தேன். படுத்தது உங்கள் அறையில், ஏர்கோனைப் பதினாறில் வைத்துக்கொண்டு. விரதம் அவருக்குத்தானே.

அந்த ஏர்கோன்தான் கள்ளனைப் பிடித்துக்கொடுத்தது. மறுநாள் காலையில் அத்தான் அறைக்குள் வந்து, அலமாரி மேலிருந்த ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்தார், மூஞ்சி மாறிவிட்டது. உள்ளே தண்ணீர் மாதிரி இருந்த சரக்கு, பாறையாக உறைந்து, கற்கண்டுக் கட்டி மாதிரி பளபளவென்று நின்றது.

"அலமாக், என்னா மச்சான் பண்ணி வச்சிருக்கே? மருந்தைக் கெட்டியாக்கிட்டியே."

என்ன மருந்து என்று கேட்டேன். மென்று முழுங்கினார். நான் விடவில்லை. அப்போதுதான் வந்தது உண்மை. அவருக்கு வலது முட்டி போய்விட்டது, அக்கா. மாடிப்படி ஏற முடியவில்லை, மண்டியிட்டுக் கும்பிட முடியவில்லை. உங்களிடம் சொன்னால், இந்தக் காலோடு காவடி வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பீர்கள். பிள்ளை இந்த வருஷம்தானே பிறக்கிறது. அதனால் உங்களிடம் மறைத்துவிட்டு, பக்கத்து வீட்டு குணாளனிடம் போயிருக்கிறார். குணாளன் சிங்கப்பூரில் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவன். அங்கே குதிரைக்குக் கால் வீங்கினால் என்னத்தையோ தடவுவார்கள், சும்மா பறக்கும் என்று அவனுக்கு ஞாபகம். ஆன்லைனில் தேடி, அதே பெயருள்ள சரக்கில் இருப்பதிலேயே மலிவானதை ஒரு கேன் வரவழைத்துக் கொடுத்துவிட்டான். அத்தான் அதைப் பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் முட்டியில் தடவிவந்தார். வலி குறைந்ததா என்று கேட்டேன். "கொறஞ்ச மாதிரிதான் இருக்கு" என்றார். குதிரையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருக்கும்.

ஆனால் அந்த உறைந்த பாட்டிலைப் பார்த்ததும் எனக்கு ஒன்று பொறி தட்டியது. எங்கள் கிடங்கில் ஏர்கோன் அறையில் வைத்தால் உறைந்து போய், பம்ப் போடவிடாமல் மானத்தை வாங்கும் ஒரு டிரம் உண்டு. அதை வெயிலில் உருட்டி வைத்துவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போவோம். அந்த டிரம் மேல் இருக்கும் பெயரும் குணாளன் வாங்கிய கேன் மேல் இருக்கும் பெயரும் ஒன்றுதான். கேனைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். நான் கேட்டுச் சொல்லும்வரை இதைத் தொடாதீர்கள் அத்தான் என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலையில் வேலைக்குத் திரும்பினேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலைன் என்று ஒரு பெண் இருக்கிறாள். மாசாய் பக்கத்து வேதக்காரக் குடும்பம், வேதியியல் படித்தவள், என்னை அங்கிள் என்று கூப்பிடுவாள். கதையைச் சொன்னதும் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். பிறகு விளக்கினாள். அதன் பெயர் டைமெத்தில் சல்ஃபாக்சைடு. கந்தகம் கலந்த கரிமச் சேர்மம். நிறம் கிடையாது, மணமும் அநேகமாகக் கிடையாது. பதினெட்டு டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். இதெல்லாம் சாதுவான குணம். அதன் பெரிய வேலை வேறு, தோலில் பட்டால் தோலுக்குள் போய்விடும், ரத்தத்தில் கலந்துவிடும். உள்ளே போனதில் ஒரு பங்கை உடம்பே பிரித்து, டைமெத்தில் சல்ஃபைடு என்ற இன்னொரு பொருளாக மாற்றி, மூச்சு வழியாக வெளியே அனுப்பும். அதுதான் பூண்டு வாடை. முட்டியில் தடவினால் வாயில் வாடை வரும் அங்கிள், எல்லாப் புத்தகத்திலேயும் இருக்கு என்றாள். நான் அவள் காலில் விழாத குறை. அத்தான் நிரபராதி. இதை அப்போதே உங்களுக்குச் சொல்லத்தான் போனை எடுத்தேன், நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள்.

அதற்குள் எலைன் கேனின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. தொழிற்சாலை உபயோகத்துக்கு மட்டும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. "அங்கிள், இது தனியாப் போகாது. இதுல என்ன அழுக்கு கலந்திருக்கோ, தோல் மேல என்ன ஒட்டியிருக்கோ, எல்லாத்தையும் சேத்து உள்ள இழுத்துட்டுப் போயிடும். கால்ல வேற ஏதாச்சும் பட்டிருந்துச்சா?" என்றாள். சனிக்கிழமை அவர் அரைக்கால் சட்டையோடு புல் மருந்து அடித்தது என் கண் முன்னால் வந்து நின்றது. கொசுக்கடி வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றவன் நான். ஏர்கோன் அறையில் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

உடனே அத்தானுக்குப் போன் போட்டேன். இங்கேதான் என் வாய் என்னைக் காட்டிக்கொடுத்தது. பாட்டிலைத் தொடாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும், நான் வர்றேன் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா நான்? புதிதாகக் கேட்ட ஞானம் சூடு ஆறுவதற்குள் யாருக்காவது பரிமாறியாக வேண்டும். பூண்டு வாடைக்குக் காரணம் அந்த மருந்துதான் என்றேன். அதில் அழுக்கு இருக்கிறது என்றேன். ஃபேக்டரியில் இதைச் சுத்தம் பண்ணித்தான் உபயோகிப்பார்கள், காய்ச்சி வடிப்பார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். அத்தான் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். அவர் ம் கொட்டினால் ஏதோ திட்டம் போடுகிறார் என்று இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் அவரே கூப்பிட்டார். குரலில் ஒரு உற்சாகம்.

"மச்சான், நீ வர வேணாம். நானே சுத்தம் பண்ணிட்டேன் லா. மீனுக்குக் கவிச்சி போவ என்னா பண்ணுவோம்? எலுமிச்சம்பழம்தானே? பத்துப் பழம் புழிஞ்சு ஊத்தி, குக்கர்ல வச்சு மூடிட்டேன். ஆவி வெளிய போனா மருந்து வீணாயிடும்ல, அதான் விசிலும் போட்டுட்டேன். நல்லாக் காயட்டும். நான் சாமி ரூம்ல இருக்கேன், அப்பறம் கூப்புடு."

கட் பண்ணிவிட்டார். நான் நல்ல யோசனைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எலைனிடம் போய்ச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். அந்தச் சரக்கைச் சும்மா கொதிக்க வைத்தாலே, கொதிநிலைக்கு வருமுன் உடைய ஆரம்பித்துவிடுமாம். அதனால்தான் ஃபேக்டரியில் முதலில் ஈரம் உறிஞ்சும் மணிகளைப் போட்டு ஊறவைத்து, பிறகு காற்றை உறிஞ்சி எடுத்து, அழுத்தத்தைக் குறைத்து, சூடு ஏறவிடாமல் பதமாக வடிப்பார்கள். அப்படி இல்லையென்றால் குளிரவைத்துப் பாதிக்குமேல் உறைந்ததும், உறையாமல் மேலே நிற்கும் அழுக்குத் திரவத்தைக் கொட்டிவிட்டுக் கட்டியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அத்தான் இதற்கு நேர் எதிராக ஒவ்வொன்றையும் செய்திருந்தார். அழுத்தத்தைக் குறைப்பதற்குப் பதில் ஏற்றியிருந்தார். புளிப்பு பட்டால் உடைவது இன்னும் வேகமாகுமாம், பத்துப் பழம் பிழிந்திருந்தார். அடியில் திறந்த நெருப்பு. "வெடிக்குமாம்மா?" என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து கார் பக்கம் இழுத்தாள். "சிலிண்டர் எங்க இருக்கு?" என்று கேட்டாள். அதுதான் எனக்குப் பதில்.

கார் ஓட்டியது எனக்கு ஞாபகம் இல்லை. பக்கத்தில் எலைன், அவள் மடியில் என் போன். நெடுஞ்சாலையில் முன்னால் ஒரு செம்பனை லாரி, வலது பாதையை விட்டுக்கொடுக்காமல் மாப்பிள்ளை ஊர்வலம் போகிறது. அத்தான் போனை எடுக்கவில்லை, சாமி அறையில் பாட்டு ஓடும்போது அவர் போன் காதில் விழாது. சாமி அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான் என்பதை நினைக்க நினைக்க என் கால் ஆக்ஸிலேட்டரைவிட்டு எழும்பவில்லை. கடைசியில் குணாளனுக்கு அடித்தேன். எடுத்தான். எலைன் போனை வாங்கி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: குக்கரைத் தொடக்கூடாது, விசிலைத் தூக்கக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது, சுவிட்ச் எதையும் போடவும் கூடாது அணைக்கவும் கூடாது. வெளியே போய் சிலிண்டரை மூட வேண்டும், ஆளை வெளியே இழுத்துவர வேண்டும். போன வருஷம் அடுப்படியை நீட்டிக் கட்டியபோது சிலிண்டரைப் பின்பக்கம் வெளியே வைக்கச் சொன்னது நீங்கள்தான். அதற்குக் கூடுதல் செலவு என்று நான் அப்போது உங்களைக் கிண்டல் செய்தேன். அக்கா, அந்தக் கிண்டலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

போன் லைனிலேயே இருந்தது. குணாளன் ஓடும் சத்தம், செருப்பு கழன்ற சத்தம், நாய். சிலிண்டரை மூடிவிட்டான். உள்ளே போகச் சொன்னால் வாசலில் நின்றுவிட்டான். வெறி பிடித்த பந்தயக் குதிரையின் கால் பக்கம் உட்கார்ந்து கட்டுப் போட்டவன், குக்கர் போடும் சத்தத்தைக் கேட்டு நகர மாட்டேன் என்கிறான். எப்படிச் சத்தம் போடுகிறது என்று எலைன் கேட்டாள். "உஸ்ஸுன்னு ஒரு மாதிரி... பாம்பு மாதிரி" என்றான். நான் முன்னால் போன லாரிக்கு ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு போனில் அத்தான் குரல் கேட்டது, இன்னும் கந்த சஷ்டி முடியலை, முடிச்சிட்டு வர்றேன் என்கிறார். குணாளன் என்ன பதில் சொன்னான் என்பதை விரதக் காலத்தில் எழுத முடியாது. அடுத்து ஒரு தள்ளுமுள்ளு. அத்தானால் அந்த முட்டியோடு ஓட முடியவில்லை. குணாளன் அவரை அப்படியே தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தானாம். காவடி தூக்க வேண்டியவரையே காவடியாகத் தூக்கிக்கொண்டு போனான் என்று தாமான் குடியிருப்பு முழுக்க இன்றுவரை பேச்சு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் எதிர்வரிசை வீட்டுக் கார் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். எலைன் எங்களை இன்னும் தள்ளி உட்காரச் சொன்னாள். உங்கள் வீட்டு ஜன்னல் வழியாக அழுகின முட்டைக்கோஸ் வாடை வந்துகொண்டிருந்தது. இனிமேல் தானாக ஆறுவதற்குக் காத்திருப்பது ஒன்றுதான் வேலை. காத்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது வீட்டுப் பெண்மணி அதற்குள் பொம்பாவைக் கூப்பிட்டிருந்தார். தீயணைப்பு வண்டி இன்னும் வரவில்லை. அத்தான் முட்டியைப் பிடித்துக்கொண்டு, உங்கள் அடுப்படி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"குக்கர் போனாப் போவுது மச்சான். ஷாமளாவுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"குக்கருக்கும் ஷாமளாவுக்கும் என்னா அத்தான் சம்பந்தம்?"

"வெரதம் கெட்டா புள்ளைக்கு ஆவாதுன்னு உங்க அக்கா சொல்லிட்டுப் போயிட்டா. அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல."

நான் வாயைத் திறக்குமுன் வீட்டுக்குள் ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை, யாரோ பலகையால் மேசையில் ஓங்கி அடித்த மாதிரி. ஆனால் நாங்கள் நால்வரும் தரையில் கிடந்தோம். குக்கரின் பாதுகாப்பு அடைப்பு பிய்த்துக்கொண்டு போய்க் கூரையில் அடித்திருக்கிறது. அது போனதால்தான் மூடி போகவில்லை என்று பிறகு எலைன் சொன்னாள். அடுப்பு மட்டும் அணையாமல் இருந்திருந்தால், வெளியே வந்த ஆவியில் நெருப்புப் பிடித்து அடுப்படியே போயிருக்கும், சாமி அறையும் போயிருக்கும். பொம்பாக்காரர்கள் முகமூடியோடு உள்ளே போய், கதவு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு, குக்கரை மண் வாளியில் வைத்து எடுத்துவந்தார்கள். அதிகாரி ஒரு மலாய்க்காரர், நல்ல மனிதர். முகமூடியைக் கழற்றிவிட்டு, பெரியவர் என்ற மரியாதையில், என்ன சமையல் பாக்சிக் என்று அத்தானைக் கேட்டார். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு, முட்டி என்றார்.

அன்றைக்கே க்ளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரிடம் கேனின் போட்டோவையும் புல் மருந்து டப்பாவின் போட்டோவையும் காட்டினேன். அவர் அத்தானை வாயைத் திறக்கச் சொன்னார், பிறகு மூடச் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். ராத்திரி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். முடிவு வரும்வரை நான் எத்தனை தடவை உங்கள் எண்ணை எடுத்தேன், எத்தனை தடவை வைத்தேன் என்று எனக்கே தெரியாது. நேற்று மத்தியானம் முடிவு வந்தது. கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் நன்றாக இருக்கிறது. தோல் மட்டும் சிவந்திருக்கிறது. முட்டி தேய்மானம், அதற்கு முறையான மருந்து கொடுத்திருக்கிறார்கள். வாடை இரண்டொரு நாளில் தானாகப் போய்விடும். இன்று காலை பாதிதான் இருந்தது.

வரும் வழியில் கோயிலில் இறங்கி குருக்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எலைன் சொன்ன ரசாயனத்தையும் சேர்த்து. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சொன்ன தீர்ப்பு இது: "உள்ள போனதுக்குத்தான் வெரதம். அவர் உள்ள பூண்டு போவல. வெளிய என்னா வந்துச்சுங்கிறதப் பத்தி எங்க வாத்தியார் ஒண்ணும் சொல்லிக்குடுக்கல. தாராளமா எடுக்கட்டும்." காளியம்மாவும் பக்கத்தில் நின்று கேட்டார். சாமியைச் சந்தேகப்பட்டுட்டேனே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு அதே கையோடு ஊருக்குச் சொல்லப் போய்விட்டார். அதனால் நண்டுக் கதை இன்று சாயங்காலத்துக்குள் செத்துவிடும்.

ஆகவே அக்கா, கந்தகம் சாட்சி, ஆஸ்பத்திரி சாட்சி, குருக்கள் சாட்சி. அந்த மனிதன் வாயில் ஒரு பல் பூண்டு போகவில்லை. மகள் வயிற்றுப் பிள்ளைக்காக வலியை மறைத்து, அதற்காக வீட்டையே கொளுத்தப் பார்த்தார், அவ்வளவுதான் அவர் குற்றம். சனிக்கிழமை வந்துவிடுங்கள். கூரையில் இருக்கும் ஓட்டையை நான் அடைத்துவிட்டேன், கொஞ்சம் கோணல். புது குக்கர் என் பொறுப்பு.

ஷாமளாவுக்கு என் ஆசீர்வாதம், பெரிய படி ஏறாமல் இருக்கச் சொல்லுங்கள். செல்வாவுக்கு என் நன்றி. இந்தக் கடிதத்தை இதுவரை கிழிக்காமல் படித்த உங்களுக்கு அந்த முருகன் எல்லா நலமும் தரட்டும், என் தலையெழுத்தையும் சேர்த்து நேராக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி,
ஹேமநாதன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்குமுன் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை குனிந்தே கேட்டார். நல்லா எழுதியிருக்கே மச்சான் என்றார். பிறகு, ஒண்ணு விட்டுப்போச்சு என்றார்.

"பொங்கலுக்கு மறுநாளு குணாளன் வூட்டுல சாப்புடக் கூப்புட்டாங்க. பருப்பு ஊத்துனாங்க. ஒரு வாய் வச்சதுமே பூண்டுன்னு தெரிஞ்சிச்சு. துப்பல. ரெண்டாந்தரம் ஊத்த வந்தப்பயும் கையை நீட்டித் தடுக்கல, வேணாம்னும் சொல்லல. மருந்து தடவ ஆரம்பிச்சது அதுக்கப்பறம்தான். கோயில்ல வாடை வந்துச்சுன்னதும் அந்தப் பருப்புதான்னு நெனச்சேன். உங்க அக்கா நின்னு பதிலக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

நான் வக்கீல் மாதிரி வாதாடிப் பார்த்தேன். குருக்கள் தீர்ப்பு சொல்லியாயிற்று, ஊர் நம்பியாயிற்று, இது நமக்கும் குணாளனுக்கும்தான் தெரியும், எழுத வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. "அந்தப் புள்ள பேருல பொய்க் காவடி வேணாம் மச்சான். எழுதிடு" என்றார். எழுதிவிட்டேன். ஆகவே மேலே உள்ளதில் ரசாயனம் அத்தனையும் உண்மை, அத்தானைப் பற்றிய தீர்ப்பை மட்டும் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். ஞாயிற்றுக்கிழமை காவடி இல்லை. இன்றைக்கே மறுபடி முதலிலிருந்து விரதம் ஆரம்பித்திருக்கிறார், பங்குனி உத்திரத்துக்கு எடுக்கிறாராம். ஷாமளாவுக்குச் சித்திரையில்தானே நாள். அதற்கு நீங்கள் வருவதும் வராததும் உங்கள் இஷ்டம் என்று சொல்லச் சொன்னார்.

இதை எழுதும்போது அவர் கோயில் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார், காளியம்மாவிடமும் சொல்லிவிட வேண்டுமாம். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், தெருமுனையைக்கூட இன்னும் தாண்டவில்லை. ஒவ்வொரு வீட்டு கேட்டையும் பிடித்துப் பிடித்து நடக்கிறார்.